மஞ்சள் தடவிய ஈரல்

வேப்பனப்பள்ளி, கல்லாவி, ஜவளகிரி. மூன்று நாளில் மூன்று ஊர். போனது ஆட்டு ஈரல் வாங்க.

எல்லாம் ஒரே மாவட்டம்தான். ஆனால் முதல் ஊரில் கறிக்கடைக்காரர் தெலுங்கில் பேசினார். இரண்டாவது ஊரில் தமிழ். மூன்றாவது ஊரில் கன்னடம். என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது திருநெல்வேலித் தமிழ். வெளிநாடு போனவர்களுக்குக்கூட இத்தனை வாய்க்குமா தெரியவில்லை.

நான் ஓசூரில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அவர்களுக்கு கேஸ் சிலிண்டர், அட்டைப்பெட்டி ஏற்றி இறக்குவது என் வேலை. அந்த வாரம் அவர்கள் கார் ஒர்க் ஷாப்பில் நின்றது. உங்கள் வண்டி வருமா என்று கேட்டார்கள். எதற்கு என்றேன். மயக்க மருந்து ஈரலை என்ன செய்கிறது என்று ஒரு மேடம் ஆராய்ச்சி செய்கிறார், அதற்கு வெட்டின சூட்டோடு ஆட்டு ஈரல் வேண்டும் என்றார்கள். வேறு ஒன்றும் கேட்காமல் வருகிறேன் என்றேன்.

காரணம் என் வீட்டில் இருந்தது. என் மனைவி செல்விக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈரல் டெஸ்ட் அளவு ஏகத்துக்கும் கூட இருந்தது. ஈரல் வீங்கியிருக்கிறது, காரணம் தெரியாமல் மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று மயக்க மருந்து டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. குடிப்பழக்கம் உண்டா என்றார். இல்லைங்க. காமாலை வந்திருக்கிறதா. இல்லைங்க. வேறு மருந்து, மாத்திரை ஏதாவது. இல்லைங்க. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். செல்வி சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் கழித்து வாருங்கள், மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்றையிலிருந்து அவளுக்கு மயக்க மருந்து என்றாலே நடுக்கம். போட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்பாள். எனக்கும் பயம்தான். வெளியே சொல்லவில்லை.

முதல் நாள் விடியும்போது கிளம்பினோம். மேடம் பெயர் பிரேமா. முப்பது வயது இருக்கும். மடியில் ஐஸ் பெட்டி. காலடியில் உப்புத்தண்ணீர் பாட்டில், ரப்பர் குழாய், கத்தரிக்கோல். என்னைப் பெயர் கேட்காமலே அண்ணாச்சி என்றார். ஓசூரில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

சூளகிரி தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன், மயக்க மருந்துக்கும் ஈரலுக்கும் என்னங்க மேடம் சம்பந்தம் என்று.

"மயக்க மருந்து ஆளத் தூங்க வைக்கதோட நிக்காது அண்ணாச்சி. ரத்தத்தோட ஈரலுக்கும் போவும். அங்க போய் என்ன செய்யுதுன்னுதான் நான் பாக்கேன்."

பிறகு விளக்கினார். ஈரலில் இருந்து செல்லைத் தனியாகப் பிரித்து, வெதுவெதுப்பாக ஒரு தட்டில் உயிரோடு வைப்பார். கிருமியின் தோலில் இருந்து எடுத்த ஒரு பொடி உண்டு. அதைத் தூவினால் கிருமி வந்துவிட்டது என்று நினைத்துச் செல் கூப்பாடு போடும். அந்தக் கூப்பாடுதான் வீக்கம். அதன்பின் ஒரு தட்டில் ஒரு மயக்க மருந்து, அடுத்த தட்டில் இன்னொன்று. எந்தத் தட்டில் கூப்பாடு அடங்குகிறது, எதில் கூடுகிறது என்று ஒரு மெஷினில் வைத்துப் பார்ப்பார். ஒரு மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்குமாம். ஒன்று தண்ணீர் மாதிரி. ஒன்று ஆவியாகவே போகுமாம்.

எதில் அடங்குகிறது என்றேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் காலங்காத்தால ஈரல் வாங்கப் போறேன்?"

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மாம்பழக் காலம். வேப்பனப்பள்ளிக்கு முன்னால் கூழ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஒரு கிலோமீட்டருக்கு நின்றன. ஓட்டுநர்கள் டிராக்டருக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கினார்கள். ஒருவரை எழுப்பி வழி கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார். வண்டியைத் தோப்புக்குள் இறக்கிக் குறுக்கே போனோம். ஜன்னல் வழியாக மேடம் தலையில் இரண்டு மாங்காய் இடித்தது. ஒன்றைப் பறித்துக்கொண்டார்.

கறிக்கடையில் கூட்டம். ஆடு அப்போதுதான் உரித்துத் தொங்கியது. மேடம் முழு ஈரல் வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த தெலுங்கில் நான் சொன்னேன். கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். வரிசையில் இருந்தவர்களும் எங்களைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கறி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எடையோடு ஈரலில் ஒரு துண்டு விழ வேண்டும். வீட்டில் பிள்ளை இருந்தால் கொஞ்சம் பெரிய துண்டு. முழு ஈரலையும் ஒருவரே கேட்பது பந்தியில் இலையை எடுத்துக்கொண்டு போவது மாதிரி. இது எனக்குத் தெரியும். மேடத்திடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வரிசையில் நின்ற ஒரு அம்மா தெலுங்கில் சொன்னதைத் தமிழில் போடுகிறேன். "ரெண்டு பேருக்கு ஒரு ஈரலா? வயிறா, வண்டிப் பெட்டியா?"

ஆராய்ச்சி என்றேன். ஆட்டுக்கு என்ன நோய் என்று கடைக்காரர் கேட்டார். நோய் இல்லை என்று நான் சொல்வதற்குள் இரண்டு பேர் வரிசையை விட்டுப் போய்விட்டார்கள். கடைக்காரர் கோபத்தில் ஈரலை டக்டக் என்று பன்னிரண்டு துண்டாகப் போட்டார். எங்களுக்கும் ஒரு துண்டு தந்தார். நியாயமான ஆள்.

அந்தத் துண்டைப் பக்கத்துக் கடையில் மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார்கள். களியும் கீரைக் கடைசலும் இருந்தது. மேடம் களியை மென்று விழுங்கப் பார்த்தார். மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்றேன். அவர் ஊரில் மென்றுதான் தின்பார்களாம். மூன்றாவது உருண்டையில் பழகிவிட்டார். வெறுங்கையோடு திரும்பினோம்.

மெஷின் அந்த வாரம் மட்டும்தான் அவருக்கு. அதற்கப்புறம் வேறு ஆட்களுக்கு. மீதி இருந்தது இரண்டு நாள். அதனால் கல்லாவியில் எனக்குத் தெரிந்த ஒரு கறிக்கடைக்கு மாலையே போன் செய்தேன். ஒரு முழு ஈரல் தனியாக, யாருக்கும் பங்கு போடாமல், ஆஸ்பத்திரிக் காரியம் என்றேன். எடுத்து வைக்கிறேன் என்றார். ஆஸ்பத்திரி என்றால் ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் கல்லாவி. சந்தை நாள். வண்டி நகரவில்லை. கோழியைத் தலைகீழாகப் பிடித்த ஆட்கள் குறுக்கே போனார்கள். ஒரு சேவல் மேடம் பக்கத்து ஜன்னலில் தலையை விட்டு அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். இட்லியும் போட்டிக் குழம்பும் சாப்பிட்டோம். போட்டி என்றால் குடல் என்று சாப்பிட்டு முடித்ததும்தான் சொன்னேன். தெரியும் அண்ணாச்சி, நான் தினமும் ஈரலைப் பிரிக்கிறவள் என்றார்.

கறிக்கடைக்காரர் தூக்குச்சட்டியோடு காத்திருந்தார். முகத்தில் பெருமை. அவர் மனைவி உள்ளிருந்து வந்து, நல்லபடியாகச் செய்து வைத்திருக்கிறேன், கெட்டுப்போகாது என்றார். மேடம் மூடியைத் திறந்தார்.

ஈரல் மஞ்சளாக இருந்தது. நாலு பக்கமும் கத்தியால் கீறி, கீறலுக்குள் எல்லாம் மஞ்சள்தூள் திணித்துத் தடவியிருந்தார்கள்.

தூரத்துக்குக் கறி போகிறது என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஆஸ்பத்திரிக்குப் போவது என்றதால் அந்த அம்மா ஒரு கை கூடவே போட்டிருந்தார். மேடம் முகத்தைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வண்டியில் ஏறிய பிறகுதான் நெற்றியில் கை வைத்தார்.

கழுவினால் போகாதா என்றேன்.

"மேல கழுவலாம். கீறலுக்குள்ள போயிட்டே. மஞ்சளே வீக்கத்த அமர்த்தும்னுதான் வீட்டுல போடுதோம். நாளைக்குத் தட்டுல கூப்பாடு அடங்கிட்டுன்னா, அது நான் போட்ட மயக்க மருந்தா, அந்தம்மா போட்ட மஞ்சளா? எப்படிச் சொல்ல?"

கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னார்.

"முன்னாடி என்ன உள்ள போயிருக்குன்னு தெரியாம, பின்னாடி நடந்ததுக்கு எந்த மருந்து மேலயும் பழி போட முடியாது அண்ணாச்சி."

நான் வண்டியை ஓட்டினேன். கிருஷ்ணகிரி வந்தது. மலை வந்தது. டோல் வந்தது. மயக்க மருந்து டாக்டரின் மூன்றாவது கேள்வி மட்டும் மண்டைக்குள் நின்றது. வேறு மருந்து, மாத்திரை ஏதாவது. இல்லைங்க என்று சொன்னது நான். செல்வி இல்லை.

சாயங்காலம் அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுக்கு எலக்ட்ரானிக் கம்பெனியில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் கேட்டேன். நீ ஏதாவது மாத்திரை போடுகிறாயா.

இல்லையே என்றாள்.

வலிக்கு என்றேன்.

"ஓ, அதுவா. அது கம்பெனில எல்லாரும்தான போடறாங்க. அதப் போயி மருந்துன்னு சொல்லுவாங்களா?"

டிபன் பையைக் கவிழ்த்தாள். மூன்று அட்டை விழுந்தது. ஒன்று வெள்ளை, கம்பெனி முதலுதவி அறையில் கொடுப்பது. ஒன்று ஆரஞ்சு, பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் வயிற்று வலி என்றால் சீட்டு இல்லாமல் கொடுப்பது. ஒன்று பச்சை, சளி மாத்திரை, லைனில் பக்கத்தில் நிற்கிற பெண் கொடுத்தது. ஏசி சில்லென்று இருக்கிறதாம். எத்தனை நாளாக என்றேன். கட்டி வலிக்க ஆரம்பித்ததில் இருந்து என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை என்றேன். விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள்.

"டாக்டர் கேட்டாரே," என்றேன்.

"என்னையா கேட்டாரு? நீதான் பதில் சொன்ன."

அந்த மூன்று அட்டையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது, காலையில் காட்டிக் கேட்கிறேன் என்றேன். அதுவரைக்கும் போடாதே என்று சொல்லத் தோன்றவில்லை. தப்பு.

மூன்றாம் நாள் ஜவளகிரி. தளி தாண்டினால் குளிர். ரோஜாத் தோட்டத்துக் கொட்டகைகள் வெள்ளையாக நிற்கும். பிறகு காடு. மேடம் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு, அவர் ஊரில் இந்த நேரத்துக்கு வேர்த்து ஊற்றும் என்றார். நல்ல நேரம் பார்த்து அட்டைகளை நீட்டினேன்.

அவர் முதல் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்.

"மூணுலயும் இருக்கது ஒரே மருந்து அண்ணாச்சி. நிறந்தான் வேற. காய்ச்சலுக்குப் போடுவோமே, அது. எத்தனை போடுதாங்க?"

சொன்னேன்.

அவர் அட்டைகளை ஐஸ் பெட்டி மேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அளவாகப் போட்டால் நல்ல மருந்துதான். அளவு தாண்டினால் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும்.

"இன்னைக்குக் காலைல போட்டாங்களா?"

தெரியாது என்றேன். அட்டைகள் என்னிடம் இருந்தன. ஆனால் கம்பெனியில் கேட்டால் கொடுப்பார்கள்.

"போன் போடுங்க. இப்பவே. இனி ஒண்ணுகூட போடக் கூடாது. இன்னைக்கே டாக்டரப் பாத்து இந்த அட்டையக் காட்டணும்."

போனில் ஒரு கோடுகூட இல்லை. காட்டு ஓரத்தில் எப்போதும் அப்படித்தான். இரண்டு வளைவு தள்ளி நாலைந்து பைக்குகள் நின்றன. கேழ்வரகுக் கொல்லையில் இருந்து யானைகள் இன்னும் காட்டுக்குள் ஏறவில்லை, அரை மணி ஆகும் என்று ஒரு ஃபாரஸ்ட் ஆள் கன்னடத்தில் சொன்னார். முன்னால் கறிக்கடை. ஏழு மணிக்கு ஆடு அறுப்பார்கள். மேடத்துக்கு அதுதான் கடைசி நாள். பின்னால் ஆறு கிலோமீட்டரில் சிக்னல்.

நான் மேடத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க," என்றார்.

திருப்பினேன். வந்த வேகம் பற்றி எழுதினால் லைசென்ஸ் போய்விடும். ஒரு மேட்டில் இரண்டு கோடு வந்தது. செல்விக்கு அடித்தேன். எடுக்கவில்லை. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லாம் லாக்கரில் இருக்கும். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி எனக்குப் பழக்கம், தர்மபுரிக்காரர். அவருக்கு அடித்தேன். செல்வியிடம் சொல்லுங்கள், வலி மாத்திரை ஒன்றுகூட போடக் கூடாது, ஈரலுக்கு ஆகாது என்றேன்.

அவர் என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சூப்பர்வைசருக்குச் சொன்னார். சூப்பர்வைசர் எந்த செல்வி என்று கேட்டார். அந்த ஷிப்டில் ஐந்து செல்வி. ஆகவே மைக்கில் சொல்லிவிட்டார், செல்வி என்று பெயர் உள்ளவர்கள் யாரும் வலி மாத்திரை போட வேண்டாம், வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்று. லைன் முழுக்கச் சிரிப்பு. எவ வீட்டுக்காரரு இவ்வளவு பாசமானவரு என்று செல்வி இல்லாதவர்களும் கேட்டார்களாம். சாப்பாட்டு நேரத்தில் பல பேர் பையைக் கவிழ்த்து அட்டைகளைத் திருப்பிப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். என் மனைவிக்கு அன்று முழுக்க வெட்கம். மாத்திரை போடவில்லை.

நாங்கள் ஜவளகிரி போனபோது எட்டு மணி தாண்டிவிட்டது. ஆடு அப்படியே கட்டியிருந்தது. வாங்குகிறவர்களும் யானைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் கடைக்காரர் அறுக்கவில்லை. யானைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

இந்தத் தடவை மேடம் முழு ஈரல் கேட்கவில்லை. ஓரத்து மடல் ஒன்று போதும், கீறாமல், கழுவாமல், எதுவும் தடவாமல். மீதி எல்லோருக்கும் பங்கு என்று நான் கன்னடத்தில் சொன்னேன். கடைக்காரர், இதற்கு யார் தடை சொல்வார்கள், வெறும் ஓரம்தானே என்றார். வரிசையில் நின்ற ஒருவர், எதுவும் தடவாமல் எப்படித் தின்பீர்கள் என்று கவலைப்பட்டார்.

ஆடு அறுத்து மடல் கைக்கு வந்ததும் மேடம் அங்கேயே கடைத் திட்டில் வேலையை ஆரம்பித்தார். ரத்தக் குழாயின் வாயில் ரப்பர் குழாயை நுழைத்து, உப்புத்தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்து உயரத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி தண்ணீர் இறங்கியது. கருஞ்சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, மடல் ஈர மணல் நிறத்துக்கு வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஐஸ் பெட்டி மூடியதும் மேடம் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார்.

திரும்பும்போது அவரிடம் ஒன்று கேட்டேன். மூன்று நாளாகக் கேட்க நினைத்தது. உங்கள் தட்டில் நல்லது என்று வருகிற மயக்க மருந்தையே செல்விக்குப் போடச் சொல்லலாமா.

கூடாது என்றார். தட்டில் இருப்பது ஆட்டின் செல், செல்வி ஒரு முழு ஆள். அதை முடிவு பண்ணுவது அந்த மயக்க மருந்து டாக்டர். அவரிடம் எதையும் விடாமல் சொல்வது மட்டும்தான் நம் வேலை. மேடம் தெரியாததைத் தெரியாது என்றது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலையே அட்டைகளோடு டாக்டரைப் பார்த்தோம். திட்டினார். என்னைத்தான். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார். மாத்திரை நின்றது. வலிக்கு வேறு ஏற்பாடு செய்தார். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு லீவில் இருந்தாள். மூன்று வாரத்தில் ஈரல் டெஸ்ட் அளவு இறங்கியது. மறுபடி நாள் குறித்தார்கள்.

பிரேமா மேடம் இடையில் ஒரு தடவை போன் செய்தார். செல் உயிரோடு இருக்கிறது, பால் மாதிரி மருந்து போட்ட தட்டில் கூப்பாடு கொஞ்சம் குறைந்தது மாதிரி தெரிகிறது, இன்னும் பல ஆட்டில் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் வண்டி வருமா என்றார். கல்லாவி வேண்டாம் என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்தினம் அதே மயக்க மருந்து டாக்டர், அதே நாற்காலி. அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். குடி. காமாலை. வேறு மருந்து, மாத்திரை ஏதாவது.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அவள் சேலை நுனியை விட்டுவிட்டு ஆரம்பித்தாள். வெள்ளை அட்டை, ஆரஞ்சு அட்டை, பச்சை அட்டை. எதை எப்போது நிறுத்தினாள். அவள் அக்கா கொடுத்த கீழாநெல்லி உருண்டை. தூக்கத்துக்கு ஒரு எண்ணெய். போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த ஏதோ கஷாயம். இதெல்லாம் எனக்கே புதிது. டாக்டர் எழுதினார். ஒரு பக்கம் முடிந்து திருப்பினார். வேற ஏதாவது என்றார்.

அவள் யோசித்தாள். குழம்பில் மஞ்சள் கொஞ்சம் கூடத்தான் போடுவேன் என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினார். அது பரவாயில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.